ஒரே மருந்து, இரண்டு முடிவுகள்: மரியன் ஜோன்ஸின் பதக்கமும் பரி பொண்ட்ஸின் 762உம்

வாசிகசாலையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவையொட்டி நடந்த பொது அறிவுப் போட்டிக்கு வினாக்கள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்போலில் ஒரே பருவகாலத்தில் அதிக ஹோம் ரன்களை (பந்தை மைதான வேலிக்கு அப்பால் அடித்துப் பெறும் ஓட்டங்களை) அடித்தவர் யார் என்பது அவற்றுள் ஒன்று. 2001இல் 73 ஹோம் ரன்கள் அடித்த பரி பொண்ட்ஸ் என்பதே நான் எழுதிவைத்திருந்த விடை. விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் இடம்பெற்ற அணி, பொண்ட்ஸ் ஊக்கமருந்தின் துணையோடு அடித்தவர் என்றும், 2022இல் 62 அடித்த ஆரன் ஜட்ஜின் பெயரே சரியான விடை என்றும் ஆட்சேபித்தது. நடுவர்கள் என் விடையையே ஏற்றுப் போட்டியை முடித்துவைத்தார்கள்.

பின்னர் இதைப் பற்றித் தேடி வாசித்தபோது நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தி கண்ணில் பட்டது. பொண்ட்ஸின் பெயர் அடிபட்ட விவகாரத்தின் மையம், கலிபோர்னியாவில் இயங்கி, விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து வழங்கிய பால்கோ என்ற நிறுவனம். ஓட்ட வீராங்கனை மரியன் ஜோன்ஸின் பெயரும் அதே நிறுவனத்தின் விசாரணையில்தான் வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றர் ஓட்டத்தில் ஜோன்ஸ் தங்கம் வென்றார். பஹாமாஸின் போலின் டேவிஸ் தொம்சன் 22.27 செக்கன்களில் இரண்டாவதாகவும், நம் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன்களில் மூன்றாவதாகவும் வந்தார்கள். 2007இல் ஜோன்ஸ் உண்மையை ஒப்புக்கொண்டதும் அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. ஆனால் பொண்ட்ஸ் ஒரு பருவகாலத்தில் அடித்த 73உம், வாழ்நாள் மொத்தமான 762உம் இன்றும் அதிகாரபூர்வ ஏட்டில் முதலிடத்தில் இருக்கின்றன. ஒரே இடத்திலிருந்து வெளிவந்த மருந்து ஒருவருடைய பெயரை அழித்துவிட்டு மற்றவருடைய பெயரைத் தொடாமல் விட்டது எப்படி? பேஸ்போலை விளங்கியவர்கள் அறியத்தாருங்கள்.

நல்லூர்க் கணக்கர் எழுதியது:

வாசிகசாலையான் தம்பிக்கு வணக்கம். நான் கணக்காய்வு செய்து ஓய்வுபெற்றவன். ஆகவே இதையும் கணக்கேட்டைப் பார்க்கும் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

200 மீற்றர் ஓட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பாதையில் ஓடுகிறார்கள். ஒருவரை நீக்கினால் மற்றவர்களின் நேரத்தில் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குகூட மாறாது. பின்னால் வந்தவர்கள் ஒரு படி மேலே ஏறுவார்கள், அவ்வளவே. பேஸ்போலின் ஏடு இரட்டைப் பதிவுக் கணக்கைப் போன்றது. பொண்ட்ஸின் பக்கத்தில் ஒரு ஹோம் ரன் எழுதப்படும்போது, அந்தப் பந்தை எறிந்தவரின் பக்கத்திலும் அது எழுதப்படுகிறது. அந்த நேரத்தில் தளங்களில் நின்ற சக வீரர்களின் ஓட்டங்களாகவும், அணியின் மொத்தமாகவும், ஆட்டத்தின் வெற்றி தோல்வியாகவும் அது போய்ச் சேர்கிறது. 2002இல் பொண்ட்ஸ் ஆடிய சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் அணி உலகத் தொடர் எனப்படும் இறுதிச் சுற்று வரை சென்றது. அவருடைய ஹோம் ரன்களை ஏட்டிலிருந்து வெட்டிவிட்டால் அந்த ஆட்டங்களை யார் வென்றதாக எழுதுவது? ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டிவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டால் கணக்குச் சமப்படாது. இரண்டு பக்கத்தையும் வெட்டுவதென்றால் முழுப் பருவகாலத்தையும் மீண்டும் ஆட வேண்டும். ஆகவே நடந்ததை ஏட்டில் எழுதத்தான் வேண்டும். ஓட்டத்தைப்போல் பின்னால் பதக்கத்துக்குக் காத்திருப்பவரும் இங்கே இல்லை.

இரண்டாவது காரணம் சட்டம் சம்பந்தமானது. அனபொலிக் ஸ்டீரொய்டுகளைக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களாக அமெரிக்கா சட்டம் இயற்றியது 1990இல். அதையொட்டி 1991இல் பேஸ்போல் ஆணையாளர் பே வின்சென்ட், இவை தடைசெய்யப்பட்டவை என்று கழகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பரிசோதனை இல்லாத தடை அது. வீரர்களின் தொழிற்சங்கம் இணங்காமல் பரிசோதனை நடத்த வழியும் இருக்கவில்லை. 2003இல்தான் முதன்முதலாக மாதிரிகள் எடுக்கப்பட்டன, அதுவும் பெயர் வெளியிடுவதில்லை என்ற உடன்பாட்டோடு. நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்ட மாதிரிகளில் மருந்து காணப்பட்டால் மறு ஆண்டு முதல் முறையான பரிசோதனை தொடங்கும் என்பது நிபந்தனை. அந்த எல்லை தாண்டப்பட்டது. முதல் தடவை பிடிபட்டவரை ஆட்டங்களிலிருந்து இடைநிறுத்தும் தண்டனை 2005இல்தான் வந்தது. இதன்படி பொண்ட்ஸ் ஒருபோதும் தண்டிக்கப்படவில்லை. தனக்குத் தரப்பட்டவை ஆளிவிதை எண்ணெயும் மூட்டுவலிக்கான பூச்சும் என்றே நினைத்ததாக அவர் 2003இல் விசாரணை நீதிக்குழுவின் முன் கூறினார். அந்தச் சாட்சியம் தொடர்பாக, நீதிக்கு இடையூறு செய்தார் என்று 2011இல் குற்றவாளியாகக் காணப்பட்டார்; 2015இல் மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பும் தள்ளுபடியாயிற்று. (மரியன் ஜோன்ஸும் ஆளிவிதை எண்ணெயையே சொன்னார் என்பது ஒரு விசித்திரம். அந்த எண்ணெய்க்கு இவ்வளவு வலு இருக்குமென்றால் நம்மூர் நல்லெண்ணெய்ச் செக்குகளை எல்லாம் மாற்றியமைக்கலாம்.)

ஜோன்ஸ் ஒப்புக்கொண்டதால்தான் இழந்தார், பொண்ட்ஸ் ஒப்புக்கொள்ளாததால் தப்பினார் என்று நினைக்க வேண்டாம். 1998இல் 70 ஹோம் ரன்கள் அடித்த மார்க் மக்குவயர், ஊக்கமருந்து பயன்படுத்தியதாக 2010இல் தானே வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய 70 இன்றும் இரண்டாவது இடத்தில் அப்படியே இருக்கிறது.

தெல்லியூர் ஆசிரியர் எழுதியது:

கணக்கர் ஐயா தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் நெடுங்காலம் உடற்கல்வி படிப்பித்தவன் என்ற முறையில் அவருடைய முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஏட்டில் நடந்ததை எழுதத்தான் வேண்டும் என்கிறார்; நடந்தது என்ன என்பதுதானே இங்கே கேள்வி?

ஸ்டீரொய்ட் ஒருவருக்குப் பந்தை அடிக்கக் கற்றுத்தருவதில்லை என்று பொண்ட்ஸின் இரசிகர்கள் சொல்வார்கள். உண்மைதான், கண்ணும் கையும் அவருடையவை. 1998க்குள்ளேயே 400 ஹோம் ரன்களும் 400 தளத் திருட்டுகளும் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது) கண்ட முதலாவது வீரர் அவர். மருந்து செய்வது வேறு வேலை. கடும் பயிற்சியில் தசைநார்களில் ஏற்படும் சேதம் விரைவில் ஆறுகிறது. நேற்றுப் பாரம் தூக்கியவர் இன்றும் அதே பாரத்தைத் தூக்கலாம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் முடிவு வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆடும் ஆட்டத்தில், ஓகஸ்ட் மாதத்துக் களைப்பு முப்பத்தைந்து வயதுக்காரரின் துடுப்பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று அதைத் தடுத்திருக்கிறது. பேஸ்போல் மைதானத்தின் வேலியருகே சில அடிகளுக்குள் பிடிபடும் பந்துகள் ஏராளம். துடுப்பின் வேகம் சற்றே கூடினாலும் அவற்றுள் ஒரு பகுதி வேலியைத் தாண்டிவிடும். பிடி கொடுத்து ஆட்டமிழக்க வேண்டிய அடி ஹோம் ரன்னாகிறது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். 2001க்கு முன் ஒரு பருவகாலத்தில் பொண்ட்ஸ் அடித்த ஆகக்கூடிய எண்ணிக்கை 49. முப்பத்தாறு வயதில் தொடங்கிய பருவகாலத்தில் அது 73 ஆயிற்று. பொண்ட்ஸுக்கு முன் வாழ்நாள் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த ஹாங்க் ஆரன் 755 அடித்தார். அவருடைய மிகச் சிறந்த ஆண்டு 1971, அதில் 47. ஒரு தடவைகூட ஐம்பதைத் தொடாமல், ஆண்டு தவறாமல் அடித்துச் சேர்த்த எண்ணிக்கை அது. அதுவரை உச்சமாக இருந்த பேப் ரூத்தின் 714ஐ ஒரு கறுப்பினத்தவர் தாண்டப் போகிறார் என்பதற்காக அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. அவற்றுக்கு நடுவேதான் 1974 ஏப்ரலில் 715ஐ அடித்தார். அந்தப் பெயருக்கு மேலே இன்னொரு பெயரை எழுதும்போது கை சற்று நடுங்க வேண்டாமா?

பின்னால் காத்திருந்தவர் எவரும் இல்லை என்பதுபோல் ஐயா எழுதியிருப்பதையும் நான் மறுக்கிறேன். சுசந்திகாவை நாம் அறிவோம். ஏனென்றால் அவர் இறுதி ஓட்டத்தில் ஓடினார், 22.28 என்ற நேரம் பதிவாயிற்று, திரும்பிப் பார்க்க ஒரு தடம் இருந்தது. மருந்தைத் தொடமாட்டேன் என்றிருந்த ஒரு பேஸ்போல் வீரர், மருந்தெடுத்த ஒருவரிடம் தம் இடத்தை இழந்து கீழ்மட்ட லீக்கிலேயே தங்கிவிட்டிருந்தால் அவருக்கு எந்தத் தடமும் இல்லை. பதக்கத்தை மாற்றிக் கொடுக்க முகவரிகூட இல்லாத நட்டம் அது. மெய்வல்லுநர் விளையாட்டு கணக்கின் வசதியால் மட்டும் அழிக்கவில்லை, மனத்துணிவாலும் அழித்தது. 1987இல் பென் ஜோன்சன் 100 மீற்றரை ஓடிய 9.83 செக்கன் உலக சாதனை, சோல் ஒலிம்பிக்கில் அவர் பிடிபட்டதற்கு முந்திய ஆண்டுக்குரியது. அவர் 1989இல் விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்ட பின் அதையும் நீக்கினார்கள்.

ஸ்காபரோ வல்வையான் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் இங்கு வந்த காலம்தொட்டு ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணியின் ஆட்டங்களைப் பார்த்து வருகிறேன். அந்த இளைஞரைப்போல் வாதிடுபவர்களை இங்கே ஒவ்வொரு வேலைத்தலத்திலும் காணலாம். ஜட்ஜ் 62ஐ அடித்தபோது, அதற்கு முன் 61 அடித்திருந்த ரொஜர் மாரிஸின் மகனே, இதுதான் தூய சாதனை என்ற கருத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். அவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் அவருடைய தந்தையின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பேப் ரூத் 1927இல் 60 அடித்தபோது ஒரு பருவகாலத்தில் 154 ஆட்டங்கள் இருந்தன. 1961இல் அது 162 ஆயிற்று. மாரிஸ் ரூத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது, 154 ஆட்டங்களுக்குள் அடிக்காவிட்டால் தனியாகக் குறித்துக் காட்ட வேண்டும் என்று அன்றைய ஆணையாளர் போர்ட் பிரிக் அறிவித்தார். இவர் ரூத்தின் நண்பர் என்பதை எவரும் மறக்கவில்லை. எல்லோரும் சொல்லும் அந்த நட்சத்திரக் குறி உண்மையில் அச்சில் வரவில்லை. இரண்டு எண்ணிக்கைகளும் தனித்தனி வரிகளில் இடப்பட்டன. 1991இல்தான் அந்தப் பிரிப்பு நீக்கப்பட்டது. மாரிஸ் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். எந்தத் தவறும் செய்யாத ஒருவரின் சாதனையை முப்பது ஆண்டுகள் இரண்டாந்தரமாக வைத்திருந்த ஏடு, தூய்மை என்பதற்காக அதைச் செய்ததாகவே அன்று சொல்லிக்கொண்டது.

ரூத்தின் 60 எப்படிப்பட்டது? 1947இல் ஜாக்கி றொபின்சன் களமிறங்கும் வரை கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீக்கில் இடமே இல்லை. ரூத் எதிர்கொள்ளாத பந்தெறிபவர்கள் எத்தனை பேர்? 1968இல் பந்தெறிபவர்களின் கை மிதமிஞ்சி ஓங்கியிருந்ததால் மறு ஆண்டு அவர்கள் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். அதற்கு முன்னைய எண்களும் பின்னைய எண்களும் ஒரே தாளில்தான் கிடக்கின்றன. களைப்பைப் போக்கி ஊக்கம் தரும் அம்பெற்றமின் மாத்திரைகள் பல பதிற்றாண்டுகளாக உடைமாற்றும் அறைகளில் சாதாரணமாகக் கிடைத்தன. 2006 வரை அவற்றுக்கென்று பரிசோதனை இல்லை. ஆசிரியர் ஐயா உயர்த்திப் பேசும் ஆரனே 1968இல் ஒரு தடவை அத்தகைய மாத்திரை ஒன்றை எடுத்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆரனைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. மிரட்டல் கடிதங்களுக்கு நடுவே ஆடிய அவரை நானும் முதல்வராகவே மதிக்கிறேன். ஆனால் அந்த மதிப்பு எண்ணிலிருந்து வரவில்லை.

மேஜர் லீக்கின் ஏடு கழிப்பதில்லை என்பதை நீண்ட நாள்களாகக் கவனித்திருக்கிறேன். 1919இல் பணம் வாங்கித் தோற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ஆயுட்காலத் தடை பெற்ற வீரர்களின் எண்கள் இருக்கின்றன. பந்தயம் கட்டியதற்காக 1989இல் தடை செய்யப்பட்ட பீற் றோஸ் வாழ்நாளில் பந்தை வெற்றிகரமாக அடித்த 4,256 தடவைகள் (ஹிட்) இன்றும் முதலிடம். அது சேர்க்க மட்டும் தெரிந்த ஏடு, அதற்கும் காலதாமதம்தான். 2024இல் கறுப்பினத்தவர்களின் நீக்ரோ லீக் ஆட்டங்களின் எண்கள் மேஜர் லீக் ஏட்டோடு இணைக்கப்பட்டன; ஜோஷ் கிப்சனின் .372 என்ற வாழ்நாள் துடுப்பாட்டச் சராசரி, அதுவரை உச்சத்திலிருந்த ரை கொப்பின் .367ஐக் கீழே இறக்கியது. ஏட்டின் நேர்மை பற்றிப் பேசுவதாக இருந்தால், பொண்ட்ஸை நீக்குவதைவிட இது பெரிய திருத்தம் என்பது என் எண்ணம்.

மெய்வல்லுநர் விளையாட்டு துணிவோடு அழித்தது என்பதையும் முழுமையாக ஏற்க முடியவில்லை. கிழக்கு ஜெர்மனியின் அரச ஊக்கமருந்துத் திட்டம் ஆவணங்களோடு வெளிவந்து எவ்வளவோ காலமாயிற்று. அந்நாட்டின் மாரிற்றா கொக் 1985இல் 400 மீற்றரை ஓடிய 47.60 செக்கன் இன்னமும் உலக சாதனை. சோதனையில் சிக்காதவரின் நேரத்தை அவர்களும் தொடவில்லை.

வாசிகசாலையான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஏட்டில் இருப்பது ஒன்று, கௌரவம் தருவது இன்னொன்று என்று இப்போது விளங்குகிறது. அப்படியானால் கூப்பர்ஸ்ரவுணில் உள்ள பேஸ்போல் புகழ் மண்டபம் இதை எப்படிக் கையாண்டது என்றும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.

நல்லூர்க் கணக்கர் எழுதியது:

அங்கே வாக்களிப்பவர்கள் பேஸ்போல் எழுத்தாளர்கள். நூற்றுக்கு 75 வாக்குகள் வேண்டும். ஒருவருடைய பெயர் அதிகபட்சம் பத்து ஆண்டுகள் வாக்குச்சீட்டில் இருக்கலாம். நாணயம், ஒழுக்கம் ஆகியவற்றையும் கருத்திற்கொள்ளும்படி விதியிலேயே எழுதியிருக்கிறது. பொண்ட்ஸும், 354 ஆட்டங்களை வென்ற பந்தெறிபவரான ரொஜர் கிளெமென்ஸும் 2022இல் கடைசித் தடவையாகச் சீட்டில் இருந்தார்கள். பொண்ட்ஸுக்கு 66.0, கிளெமென்ஸுக்கு 65.2. இருவரும் வெளியே நின்றார்கள். அதே சீட்டில் டேவிட் ஓர்ற்றிஸ் தெரிவானார். 2003ஆம் ஆண்டின் பெயர் வெளியிடாத பரிசோதனையில் அவர் பெயரும் இருந்ததாக 2009இல் பத்திரிகைச் செய்தி வந்திருந்தது. அந்தப் பட்டியலின் சில முடிவுகள் ஐயத்துக்குரியவை என்று ஆணையாளர் பின்னர் சொல்லி அதைத் தணித்துவிட்டார்.

என்னை உறுத்துவது வேறொன்று. 1994இல் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நடைபெறவில்லை. கோபித்துக்கொண்டு போன இரசிகர்கள் திரும்பி வந்ததற்கு 1998இல் மக்குவயரும் சாமி சோசாவும் போட்டி போட்டு அடித்த 70உம் 66உம் பெரிய காரணம் என்பார்கள். அந்த ஓகஸ்ட்டில் மக்குவயரின் பெட்டகத்தில் அன்ட்ரோஸ்டீன்டியோன் குப்பி ஒன்று இருப்பதைச் செய்தியாளர் ஒருவர் கண்டு எழுதினார். ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்திலும் அப்போதே தடை செய்யப்பட்டிருந்த பொருள் அது; பேஸ்போலில் தடை இல்லை. திறந்த பெட்டகத்தில் எல்லோரும் காண வைக்கப்பட்டிருந்த குப்பியை நிர்வாகம் காணவில்லையாம். அந்தக் காலம் முழுவதும் பொறுப்பிலிருந்த ஆணையாளர் பட் செலிக் 2016இல் அதே புகழ் மண்டபத்துக்குத் தெரிவானார். கணக்கில் மோசடி நடந்தால் எழுதியவரை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு, கையொப்பமிட்ட மேலதிகாரிக்கு மாலை போடும் வழக்கத்தை நான் என் உத்தியோக காலத்திலும் கண்டதில்லை.

திருநெல்வேலி மாணவி எழுதியது:

வணக்கம். நான் சட்டம் படிக்கிறேன். பேஸ்போல் அதிகம் தெரியாது. ஆசிரியர் ஐயாவின் ஆதங்கம் விளங்கினாலும், நீக்கு என்று சொல்வதற்கு முன் எந்தச் சான்றின் அடிப்படையில் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பேஸ்போலில் ஊக்கமருந்துப் பயன்பாடு பற்றி 2007 டிசம்பரில் வெளிவந்த மிச்சல் அறிக்கையில் 89 வீரர்களின் பெயர்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பகுதி இரண்டு பேருடைய வாக்குமூலத்திலிருந்து வந்தது: மருந்து விற்ற ஒருவர், கிளெமென்ஸின் முன்னாள் பயிற்றுநர் மற்றவர். காங்கிரஸின் முன் பொய் சொன்னதாகத் தொடரப்பட்ட வழக்கில் கிளெமென்ஸ் 2012இல் விடுதலையானார். பால்கோவின் மருந்துகளுள் ஒன்று எந்தப் பரிசோதனைக்கும் அகப்படாதவாறு வடிவமைக்கப்பட்டிருந்தது. அதை வெளிக்கொணர்ந்தது பரிசோதனை அன்று; ஜோன்ஸின் முன்னாள் பயிற்றுநரே 2003இல் மருந்து ஒட்டியிருந்த ஒரு சிரிஞ்சை அதிகாரிகளுக்கு அனுப்பிய பிறகுதான் லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வுகூடம் அதை இனங்கண்டது. அதாவது அன்றைய காலத்தில் சோதனையில் தேறியது எதையும் நிரூபிக்கவில்லை. பெயர் அடிபட்டதும் எதையும் நிரூபிக்கவில்லை.

மறுபக்கத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 2015 டிசம்பரில் நம் துடுப்பாட்ட வீரர் குசல் பெரேரா, ஸ்டீரொய்ட் வகைப் பொருள் ஒன்று காணப்பட்டதாகத் தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டார். சில மாதங்கள் கழித்து ஆய்வுகூடத்தின் முடிவையே நம்ப முடியாது என்று தெரிந்து, 2016 மே மாதம் குற்றச்சாட்டு மீளப்பெறப்பட்டது. அதற்குள் ஆடாமல் போன ஆட்டங்களுக்கு எந்த ஏட்டில் இடம்? துடுப்பாட்டமும் கழிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். ஷேன் வோர்ன் தடைசெய்யப்பட்ட சிறுநீர் பெருக்கி மாத்திரைக்காக 2003இல் ஓராண்டு ஆடவில்லை; அவருடைய 708 டெஸ்ட் விக்கெட்டுகளில் ஒன்றும் குறைக்கப்படவில்லை. முரளிதரனின் 800க்கு அடுத்ததாக இன்றும் அது நிற்கிறது.

தெல்லியூர் ஆசிரியர் எழுதியது:

பிள்ளை எழுதியது நியாயமானது. சந்தேகத்தின் பேரில் பெயர்களை வெட்டத் தொடங்கினால் அது முடிகிற காரியம் அல்ல என்பதை ஏற்கிறேன். வோர்னின் விடயத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு: அவர் பிடிபட்டார், தண்டனையை அனுபவித்தார், அது எல்லோருக்கும் தெரியும், 708ஐ வாசிப்பவர் அதையும் சேர்த்தே வாசிக்கிறார். பொண்ட்ஸின் 762இல் அந்தச் செய்தி எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே என் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன். நீக்க வேண்டாம், பக்கத்தில் எழுதுங்கள். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றதை மாணவர்களுக்குச் சொல்லும்போது, முதுகைக் கீழே கொடுத்துப் பாயும் முறை 1968இல் பொஸ்பரிக்குப் பிறகே பரவியது என்பதையும் சொல்லுவேன். அதைச் சொன்னால்தான் 2.03 எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்கு விளங்கும். காற்றின் வேகம் கூடியிருந்தால் 100 மீற்றர் நேரத்துக்குப் பக்கத்தில் அதைக் குறிக்கிறோம். ஓடியவரை அதற்காக யாரும் கள்ளன் என்று சொல்வதில்லை. அதைப்போல் ஒரு பருவகாலத்துக்குப் பக்கத்தில், அந்த ஆண்டில் பரிசோதனை நடைமுறையில் இருக்கவில்லை என்று ஒரு வரி எழுத எந்தச் சாட்சியும் தேவையில்லை.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அமெரிக்கா அன்று. இப்போது நம்மூர் உடற்பயிற்சி நிலையங்களில் பெரிய பிளாஸ்ரிக் வாளிகளில் தூள் விற்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு பையன் அப்படியொரு வாளியைக் கொண்டுவந்து, இதைக் குடிக்கலாமா சேர் என்று கேட்டான். மேலே ஒட்டியிருந்த இறக்குமதியாளரின் சிட்டை, உள்ளடக்கம் எழுதியிருந்த இடத்தைச் சரியாக மறைத்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தும் பாதிதான் வாசிக்க முடிந்தது. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நம் நாட்டிலும் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இயங்குகிறது. உடலுக்குள் என்ன இருக்கிறதோ அதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. எண்ணெய் என்று நினைத்தேன், தூள் என்று நினைத்தேன் என்று சொல்லி மாகாண மட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளை தப்ப முடியாது. கோடிக்கணக்கில் சம்பாதித்தவருக்குக் கிடைத்த அந்தச் சலுகை இவனுக்கு இல்லை.

ஸ்காபரோ வல்வையான் எழுதியது:

ஐயா, பக்கத்தில் ஒரு வரி எழுதுவது எனக்கும் உடன்பாடே. வீரர் எவரையும் குற்றஞ்சாட்டாத வரி என்பதால் மாரிஸுக்கு நடந்தது திரும்ப நடக்காது. 2007இல் ஆரனின் 755ஐத் தாண்டிய அந்த 756ஆவது பந்தை ஏழரை இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆடை வடிவமைப்பாளர் ஒருவர், அதை என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தி, அதன் தோலில் நட்சத்திரக் குறியைப் பொறித்துப் புகழ் மண்டபத்துக்கே கொடுத்துவிட்டார். பொண்ட்ஸ் உள்ளே போகவில்லை. குறியோடு பந்து போய்விட்டது.

ஆனால் உங்கள் வரியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று பாருங்கள். பரிசோதனை இல்லாத ஆண்டுகள் என்று எழுதினால் 2003க்கு முந்திய எல்லா ஆண்டுகளும் அதற்குள் வந்துவிடும். பொண்ட்ஸின் 73 மட்டுமல்ல, மாரிஸின் 61உம் ரூத்தின் 60உம் ஆரனின் 755உம் அதே குறிப்போடுதான் நிற்கும். மாறாக 762இல் 2003 முதல் அடித்தவை குறிப்பில்லாமல் தப்பிவிடும். ஸ்டீரொய்ட் சட்டவிரோதமாக இருந்தும் பரிசோதனை இல்லாத ஆண்டுகள் என்று எழுதினால் 1991 முதல் 2002 வரை என்று வரும். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் எதையும் தொடாமல் ஆடிய நூற்றுக்கணக்கானோரும் அந்த வரியின் கீழ் வருவார்கள். இரண்டாவதைத்தான் நான் தெரிவுசெய்வேன். அவர்களுக்கு அதில் ஏற்படும் அநியாயத்துக்கு என்னிடம் மாற்று வழி இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.